நானூற்றுப் பன்னிரண்டு கட்டில்களும் ஒரு மன்னிப்பும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் இளைய மகளைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் கடையில் உள்ள மரமும் மனிதர்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அன்றைக்கு அத்தனை நேரம் நீங்கள் நின்றதற்குக் காரணமே நான்தான் என்பதால் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் விட்டால் அது ஒரு தனிக் குறையாகிவிடும் என்பதால் கேட்டுவிட்டேன்.

நான் பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது. என் எண்ணிலிருந்து அழைப்பே வராதபடி உங்கள் போனில் தடுத்து வைத்துவிட்டு, "இனிமே எதுவா இருந்தாலும் பேப்பர்ல எழுதி அனுப்பச் சொல்லு. அதுதான் ஒரு நேரத்துல ஒருத்தருக்கு மட்டும் போகும்" என்று உங்கள் மகளிடம் சொன்னீர்களாம். நியாயமான பேச்சு. ஆனால் அதே மூச்சில், "அந்தக் கம்ப்யூட்டர் ஆளுகிட்ட சொல்லிடு, மாசக் கடைசிக்குள்ள கடையோட வெப்சைட்டை மூடிடணும்" என்றும் சொன்னீர்களாம். மூடச் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் மாமா. 'கம்ப்யூட்டர் ஆளு' என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆறு வருடமாக என்னை மாப்பிள்ளை என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

ஆகவே நடந்தது என்ன என்பதை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து இணையதளம் கட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பட்டனைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தச் சொல்வார்கள், நகர்த்துவேன், மறுநாள் பழைய இடமே நன்றாக இருந்தது என்பார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை என்னைப் போன்ற அறுபது பேர் ஏதாவது ஒரு அலுவலகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டுக் கூடுகிறோம். ஒருவர் வேலையில் பட்ட அவஸ்தையை மேடையேறி மற்றவர்களுக்குச் சொல்லுவார். மற்றவர்கள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "இது கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து" என்று ஆரம்பித்துப் பேசியவரைவிட அதிக நேரம் பேசுவார். பேசியவருக்கு ஒரு பனியன் கொடுப்பார்கள். அன்றைய பேச்சுக்கு முன்பே எனக்குப் பதினொன்று சேர்ந்திருந்தது. ஒன்பதை உங்கள் மகள் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள்.

அன்று என் பேச்சின் தலைப்பைச் சொல்லவே வாய் வரவில்லை. 'அசல் தளத்தில் கை வைக்காமல் சோதித்துப் பார்ப்பது எப்படி.' சிரிக்காதீர்கள் மாமா, மேலே படியுங்கள். நாங்கள் எந்தத் தளம் கட்டினாலும் அதற்கு அச்சு அசலாக ஒரு நகல் வைத்திருப்போம். கோணல்மாணல் எல்லாவற்றையும் நகலில் செய்து பார்த்துவிட்டுத்தான் அசலைத் தொடுவோம். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் குழம்பாமல் இருக்க, உங்கள் மரச்சாமான் கடைத் தளத்தில் நான் மட்டும் பார்க்கும் பக்கத்தின் உச்சியில், அசலுக்குச் சிவப்புப் பட்டையும் நகலுக்குப் பச்சைப் பட்டையும் போட்டு வைத்திருந்தேன். நகலில் இருப்பது மூன்றே வாடிக்கையாளர்கள், மூவருக்கும் என் போன் எண்தான். அசலில் இருப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நீங்கள் முப்பது வருடமாக ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் போட்டு, "உங்க பொருள் ரெடி, வாங்க" என்று சொல்லிவந்த அதே ஆட்கள். அந்தச் சிரமம் உங்களுக்கு எதற்கு, ஒரு பட்டனை அழுத்தினால் செய்தி தானே போய்விடும் என்று சொல்லி அந்த எண்களை உங்களிடமிருந்து வாங்கியவனும் நான்தான்.

மேடையில் நகலை மட்டும் காட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் கண்ணாடி அலமாரியின் படம் பெரிய திரையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. "இது என் மாமனார் கடை" என்று சொல்லி அசலைத் திறந்து காட்டினேன். கூட்டத்தில் இரண்டு பேர் "அடடா" என்றார்கள். அப்படியே அதை மூடிவிட்டு நகலுக்குப் போயிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "எழுத்து தெரியலைங்க, பெருசு பண்ணுங்க!" என்று கத்தினார். பெரிசு பண்ணினேன். "இன்னும் கொஞ்சம்!" என்றார். இன்னும் பண்ணினேன். எழுத்து பெரிதாகப் பெரிதாக மேலே இருந்த சிவப்புப் பட்டை திரையைத் தாண்டி மேலே போய்விட்டது. நான் பேசிக்கொண்டே இருந்தேனா, எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. என்ன செய்தி அனுப்பலாம் என்று கூட்டத்தையே கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். "வணக்கம். நீங்கள் கேட்ட கட்டில் தயார். இன்று மாலைக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும்" வரைக்கும் நான் எழுதியது. "தவறினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம்" என்பது முன்வரிசைக்காரர் யோசனை. எல்லாரும் சிரித்தார்கள் என்று அதையும் சேர்த்தேன்.

பட்டனை அழுத்தினேன். அறுபது பேரும் அந்த ஒரே வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்ததால் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினேன். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அழுத்தினேன். மூன்று தடவையும் போயிருக்கிறது, ஆளுக்கு மூன்று வீதம். அந்தச் சமயத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு போன் மூன்று தடவை மணியடித்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் எழுந்து, "சார், எனக்கு மெசேஜ் வந்திருக்கு. ஆனா நான் ஆர்டர் பண்ணினது அலமாரி" என்றார். நான் முன்கூட்டியே அவரைப் பேசிவைத்து உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஜனம் கைதட்டியது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல் என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை. திறந்திருப்பது அசல் தளம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழியக் கும்பிட்டேன்.

பேசும்போது போனை ஊமையாக்கி வைப்பது மேடை ஒழுங்கு. கடையிலிருந்து வந்த பதினேழு அழைப்பும் எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். உங்கள் மகள் விடவில்லை, கம்ப்யூட்டருக்கே செய்தி அனுப்பிவிட்டாள். திரையின் ஓரத்தில் இத்தனை பெரிய எழுத்தில் வந்து விழுந்தது: "அப்பா கடையில ஒரே கூட்டம். என்ன பண்ணித் தொலைச்சீங்க?" கடைசி வரிசைக்காரர் அதைச் சத்தமாகவே படித்தார். இந்தத் தடவை அவருக்கு எழுத்து நன்றாகத் தெரிந்தது.

கடைக்கு ஓடிவந்தேன். வந்த அவசரத்தில் அன்று கொடுத்த பனியனைக்கூடக் கழற்றவில்லை. அதன் முதுகில் 'சந்தேகமா? என்னைக் கேளுங்கள்' என்று அச்சடித்திருந்தது. எள் போட்டால் கீழே விழாத கூட்டம், முதுகைப் படித்துவிட்டு நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டில் வாங்கியவர் ஒருவர் வண்டியும் கயிறும் இரண்டு மச்சான்களுமாக வந்து நின்றார். "எனக்கு இன்னொண்ணு எதுக்குத் தர்றாங்கன்னு தெரியலை, வேற ஆளுக்குப் போயிடக் கூடாதுன்னு வந்துட்டேன்" என்றார்.

ஆனால் மாமா, நீங்கள் அங்கே செய்துகொண்டிருந்ததை நான் நின்று பார்த்தேன். விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலி அத்தனையையும் நடைபாதையில் இறக்கிப் போட்டு எல்லாரையும் உட்கார வைத்திருந்தீர்கள். கழிவு மரத்துண்டுகளில் பென்சிலால் நம்பர் எழுதி ஆளுக்கொன்று கொடுத்திருந்தீர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "தப்பு எங்க மேல. எப்ப வாங்கினீங்க, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டு நோட்டில் எழுதினீர்கள். கால் ஆடுகிறது என்றவர் வீட்டுக்கு மறுநாளே ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். சண்டைக்கு வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். யார் செய்த தப்பு என்று ஒருவர் விடாமல் கேட்டார். நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறேன். நீங்கள் என்னைக் காட்டவில்லை. "கடை பேர்ல போன செய்தி, கடைதான் பொறுப்பு" என்றீர்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, இதை எழுதும்போதும் வருகிறது.

பக்கத்தில் வந்து "மாமா" என்றேன். "நம்பர் வாங்கினீங்களா?" என்றீர்கள். தொண்ணூற்று நான்கு கிடைத்தது. என் முறை வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்று மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில் கேட்டீர்கள். நான் கையிலிருந்த மரத்துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அப்ப நாளைக்கு வாங்க, கடை சாத்தணும்" என்று ஷட்டரை இறக்கினீர்கள். அந்த மரத்துண்டு இப்போதும் என் மேஜையில் இருக்கிறது.

எனவே இந்தத் தாளில் சத்தியம் செய்கிறேன். இனி எந்த மேடையிலும் ஏறமாட்டேன். அந்தக் கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். மிச்சமிருந்த பழைய பனியன் இரண்டையும் அந்த முதுகு எழுத்துப் பனியனையும் உங்கள் மகளிடம் ஒப்படைத்துவிட்டேன், தரை பளபளக்கிறது. மூடித்தான் ஆக வேண்டும் என்றால் தளத்தையும் மூடிவிடுகிறேன், நானூற்றுப் பன்னிரண்டு எண்களையும் நோட்டில் கையால் எழுதிக் கொண்டுவந்து தருகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பழையபடி ஒரு தரம் மாப்பிள்ளை என்று கூப்பிடுங்கள். கோபமாகக் கூப்பிட்டாலும் சரி.

அத்தைக்கு என் வணக்கம். பாலிஷ் போடுகிறவரிடம் அன்று அவர் எனக்குக் கொடுத்த தண்ணீருக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
தொண்ணூற்று நான்காம் நம்பர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மகள் வந்து இதை வாங்கிப் படித்துவிட்டு, "இதை இப்ப அனுப்பினா அப்பா குழம்பிடுவார்" என்றாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் அலமாரி பற்றிக் கேட்க அன்று மாலை கடைக்கு வந்திருந்தாராமே? நீங்கள் கூட்டத்தைச் சமாளித்ததைப் பார்த்துவிட்டுப் போய் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்து ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல, அவர் நேரிலேயே வந்து உங்களை அடுத்த மாதக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டாராமே? "எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதே" என்றீர்களாம். "அதனாலதாங்க கூப்பிடுறோம்" என்றாராம். நீங்களும் சரி என்றுவிட்டீர்களாம். எனக்கு ஒருநாளும் இருபது நிமிடத்துக்கு மேல் கொடுத்ததில்லை, அதுவும் தேநீருக்குப் பிறகு. உங்களுக்கு நாற்பது நிமிடம், முதல் பேச்சு. பரவாயில்லை, நான் பொறாமைப்படவில்லை.

ஆகவே மேலே உள்ள சத்தியங்களைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். நான் அந்தக் கூடத்துக்கு வராவிட்டால் உங்கள் படங்களைத் திரையில் ஓட்டுவது யார்? நீங்கள் பேசும் நாள் அடுத்த மாதம் என்பதால் தளத்தை மாசக் கடைசியில் மூடவும் முடியாது, திரையில் காட்ட வேண்டாமா? உங்கள் பனியன் அளவு கேட்டார்கள், சொல்லிவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுத்தைப் பெரிசு பண்ணச் சொல்லுவார், காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள்.

காலையிலிருந்து கடையில் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று பேசிப் பழகுகிறீர்களாம், அத்தை உங்கள் மகளைப் போனில் கேட்க வைத்திருக்கிறார். "என் மாப்பிள்ளை ஒரு பட்டனை அமுக்கிட்டார்" என்று ஆரம்பிக்கிறீர்களாம். நேரம் போதவில்லை என்றால் மற்றதை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள் மாமா. அந்த முதல் வரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.