கை நடுங்குவதைப் பற்றி எப்படி உணர்கிறீர்கள்?

ஒருவர் "வாந்தி வருது" என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்? பக்கெட்டைத் தேட வேண்டும். இது நர்சிங் படிக்காத என் அம்மாவுக்குத் தெரியும். மூன்றாம் வருஷம் நர்சிங் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. படித்ததுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். (கேட்காதவர்களிடமும் சொல்வேன்.) அப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறார். அம்மா அங்கேயே ஒரு கம்பெனியில் பேக்கிங். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தாம்பரம் பஸ் பிடிக்கப் போகும் காலைகளில் தெருமுனை வரை வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். நாலு பேர் பார்க்கட்டுமே!

மனநல வார்டில் ஒரு மாதப் பயிற்சி வந்தது. எனக்கு அடங்காத ஆவல். வயிற்றுக்குள் இருப்பதை ஸ்கேனில் பார்த்துவிடலாம், மனசுக்குள் இருப்பதைப் பேச்சிலேயே எடுத்துவிடலாம் என்றால் அது எப்பேர்ப்பட்ட வித்தை! எங்கள் ஆசிரியை ஹெலன் மேடம் அதற்கென்று ஒரு வேலை கொடுத்தார். ஒரு நோயாளியிடம் அரை மணி நேரம் பேச வேண்டும். அவர் சொன்னது, நாம் சொன்னது எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். எந்த இடத்தில் எந்தப் பேச்சு முறையைப் பயன்படுத்தினோம் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். திறந்த கேள்வி, அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வது, மௌனம் என்று புத்தகத்தில் ஒரு பட்டியலே இருந்தது. எண்ணோடு மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

எனக்குக் கிடைத்தவர் மல்லிகா அக்கா. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) கோவளத்தில் மீன் விற்பவர். மூன்று நாள் தூங்காமல் பாடிக்கொண்டும், கூடை மீனையெல்லாம் போகிற வருகிறவர்களுக்குச் சும்மா அள்ளிக் கொடுத்துக்கொண்டும் இருந்தவரை வீட்டார் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். லித்தியம் என்ற மாத்திரையில் நன்றாகத் தெளிந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர் அம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுகிறார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாற்காலியைப் புத்தகம் சொன்ன கோணத்தில் போட்டு, புத்தகம் சொன்ன அளவுக்கு முன்னால் சாய்ந்து ஆரம்பித்தேன்.

"உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்கக்கா."

"மனசுல இன்னா கீது பாப்பா? வயிறுதான் சரியில்ல. நேத்துலேர்ந்து பேதி."

முறை இரண்டு: திருப்பிச் சொல்வது. "நேத்துலேர்ந்து உங்களுக்குப் பேதி."

"அத்தான் சொன்னேன். காலைல ரெண்டு தபா வாந்தி வேற. கையப் பாரேன், கிடுகிடுன்னு ஆடுது. டம்ளர் புடிக்க முடியல."

அந்தக் கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நான் கையைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று பாடம்.

"கை நடுங்குவதைப் பற்றி நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டேன். (ஆமாம், இதே தமிழில்தான். புத்தகம் ஆங்கிலம், மொழிபெயர்ப்பு அடியேன்.)

மல்லிகா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நடுங்குறா மாரி கீது" என்றார்.

இது ஆழமான பதில் என்று எனக்குத் தோன்றியது. உடனே முறை ஏழு: மௌனம். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"இன்னா பாப்பா, தூங்கிட்டியா?"

"இல்லக்கா. வேற ஏதாவது சொல்லணும்னு இருக்கா?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஸ்டாஃபாண்ட போட்டுக் குடுத்துடாத. தெரிஞ்சா வெள்ளிக்கிழமை வுட மாட்டாங்க. சீக்கிரம் வூட்டுக்குப் போவணும்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கினேன். ஒரு வாரமா உப்பு தொடல. வெறுஞ்சோறு, வாழப்பழம், அவ்ளோதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோயாளி என்னை நம்பி ரகசியம் சொல்கிறார்! "ரொம்ப நல்ல விஷயம்க்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். (ரகசியம் காப்பது புத்தகத்தில் இருந்தது. எதை ரகசியமாக வைக்கவே கூடாது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. பக்கத்தைத் திருப்பவில்லை.)

அன்று சாயங்காலம் வீட்டில் நாலு பக்கம் எழுதினேன். முறைகளுக்கெல்லாம் பச்சை மையில் அடிக்கோடு. வேண்டுதல் வந்த இடத்தில், "நம்பிக்கை ஏற்பட்டது, ஆன்மிகத் தேவைக்கு ஊக்கம் தரப்பட்டது" என்று குறித்தேன். அந்த வரியை எனக்கே மறுபடி படிக்கத் தோன்றியது.

மறுநாள் காலை ஹெலன் மேடம் வார்டு வாசலில் நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் லேசாகச் சிரித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"இது எப்பப் பேசினது?"

"நேத்துக் காலைல மேடம்."

"நேத்தா!"

ஹெலன் மேடம் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடினேன். மல்லிகா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, தள்ளாடியபடி பாத்ரூமிலிருந்து வந்துகொண்டிருந்தார். நாக்கு குழறியது.

விஷயம் இதுதான். உடம்பில் உப்பு குறைந்தால் லித்தியம் வெளியே போகாமல் தங்கிவிடும். தங்கினால் விஷம். பேதி, வாந்தி, நடுக்கம் மூன்றும் அதன் முதல் எச்சரிக்கைகள். மூன்றையும் அவர் வரிசையாகச் சொன்னார், நான் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்தேன். மாத்திரையை நிறுத்தினார்கள், ரத்தம் எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். "இன்னும் ஒரு வேளை மாத்திரை போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹெலன் மேடம் நிறுத்தவில்லை. "உயிருக்கு என்ன ஆபத்துன்னு முதல்ல பாரு. அடுத்தது உடம்பு. மனசு எங்கயும் ஓடிடாது, அங்கயேதான் இருக்கும்" என்றார். பேச்சு முறைக்குப் பூஜ்யம் போட்டார். கீழே சிவப்பு மையில், "எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். அதனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது" என்று இருந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மல்லிகா அக்கா வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமை அவர் கட்டிலருகே போய் நின்றேன்.

"உங்க வேண்டுதலக் கெடுத்துட்டேன்க்கா."

அவர் டிரிப்ஸ் பாட்டிலைக் காட்டினார். "இது இன்னா தண்ணி?"

"உப்புத் தண்ணிதான்."

"வாயில தொட மாட்டேன்னுதான் வேண்டிக்கினேன். நரம்புல போறதுக்கு ஆத்தா இன்னா சொல்லிடப் போறா?" என்று சிரித்தவர், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளிக்குக் கூழு. நான் இல்லாம ஊத்துவாங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேச ஆரம்பித்தார். போன வருஷக் கூழ், மகளின் பள்ளிக்கூடம், பாடிக்கொண்டிருந்த அந்த மூன்று நாள் என்று என்னென்னவோ சொன்னார். அதை நான் எழுதவில்லை.

அடுத்த புதன்கிழமை வீட்டுக்குப் போனார்.

இப்போது நான் மனநல வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். (இதையும் கேட்காமலே சொல்வேன்.) புதிதாக வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை வெளிக்குப் போனீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். "மனசு சரியில்லைன்னு வந்தா இந்தப் பொண்ணு வயித்தையே கேக்குது" என்று புகார் வந்திருக்கிறது.

நடந்ததையெல்லாம் வீட்டில் ஒப்பித்துத் தொலைத்ததால், அங்கே மட்டும் என் மரியாதை திரும்பவே இல்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, குரலில் சோகம் ததும்ப, "உப்பில்லாததைப் பற்றி நான் எப்படி உணர்கிறேன் என்று சொல்லட்டுமா?" என்கிறார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "கை நடுங்குதா? நடுங்கலன்னா பேசாம சாப்பிடுங்க."