தங்கச்சியின் கலியாணத்தில் ஒரு மெக்சிக்கோப் பாட்டு

அர்த்தம் தெரியாத பாட்டுக்கு ஆடக்கூடாது என்று கனடாவில் சட்டம் இல்லை. இருந்திருந்தால் நான் இன்றைக்கு உள்ளேதான் இருப்பேன்.

ஸ்காபரோவில் பாண் சுடும் பேக்டரி ஒன்றில் என்னோடு வேலை செய்தவர் மிகேல். மெக்சிக்கோக்காரர். வேலை முடிந்ததும் தன் காரில் ஏற்றி வந்து என்னை வீட்டு வாசலில் விடுவார். காரில் எப்போதும் ஒரே பாட்டு. அக்கோடியனும் ட்ரம்பெட்டும் முழங்க ஒருவன் தொண்டை கிழியப் பாடுவான். எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. (இசைக்கு மொழி ஏது என்று காண்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.)

அந்த வருடம் தங்கச்சிக்குக் கலியாணம். ரிசப்ஷன் மண்டபத்துக்குள் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆடிக்கொண்டு வர ஒரு பாட்டு வேண்டும். எங்கே போனாலும் அதே நாலு சினிமாப் பாட்டுத்தான். புதுசாக ஒன்று போட்டு ரொறன்ரோவையே அசத்துகிறேன் என்று நான் பொறுப்பெடுத்தேன். மிகேலிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன். ஏன் என்றார். எனக்கு நல்ல விருப்பம் என்றேன். அவருக்குக் கண் கலங்கியதுபோல இருந்தது. உடனே அனுப்பிவிட்டார். இது என்ன பாட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ரிசப்ஷனுக்கு அவரும் மனைவி ரோசாவும் வந்திருந்தார்கள். பாட்டுத் தொடங்க, தங்கச்சி கூலிங் கிளாசோடு ஆடி வந்தாள். சனம் விசில் அடித்தது. மிகேல் எழுந்து நெஞ்சில் கை வைத்து நின்றார். (அவர்களின் ஊரில் கலியாணத்துக்குக் காட்டும் மரியாதையாக்கும் என்று நினைத்தேன்.) ரோசா அழுதபடி வெளியே போனார். சந்தோசக் கண்ணீர் என்று பக்கத்து அன்ரிக்கு விளக்கமும் கொடுத்தேன். ட்ரம்பெட் உச்சத்துக்குப் போன இடத்தில், கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் மிகேலைக் கட்டிப்பிடித்து, மேடைக்கு முன்னால் இழுத்து வந்து ஆடினேன். அவர் மரம் மாதிரி நின்றார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவரே சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்குள் அது இப்படித்தான் கிடக்கிறது.

"அது என்ர தம்பியின்ர பாட்டு. அவன் செத்தாப் பிறகு ஊரில கட்டினது."

தம்பி லொறி ஓடியவன். லொறியில் என்ன ஏற்றினான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லையாம். ஒரு கலியாண வீட்டில் வைத்து அவனைச் சுட்டார்கள். சுட வந்தவர்களுக்கு ஆளைத் தெரியாது. கூடப் பிறக்காத குறையாகப் பழகிய சிநேகிதன்தான் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து அடையாளம் காட்டியிருக்கிறான். ட்ரம்பெட் உச்சத்துக்குப் போவது அந்த இடத்தில்.

காட்டிக்கொடுப்பது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு ஒருவர் விளக்கத் தேவையில்லை. எங்களுக்குள்ளும் அப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டு இருந்தால் அதற்கு நான் ஆடுவேனா?

மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு அந்தப் பாட்டு விளங்கினது எண்டு நினைச்சன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமை வேறு ஷிஃப்டுக்கு மாறிவிட்டார். நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

கலியாண வீடியோ மட்டும் இன்னும் ஓடுகிறது. வீட்டில் என்ன விசேசம் என்றாலும், அண்ணையின்ர மெக்சிக்கோ டான்சைப் போடுங்கோ என்பாள் தங்கச்சி. அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எந்தப் பாட்டைப் போட்டு அவளை மண்டபத்துக்குள் வரவைத்தேன் என்று எப்படிச் சொல்வது? போன மாதம் அவளுடைய மகள் திரையைக் காட்டி, "மாமா, அந்த அங்கிள் ஏன் சிரிக்கேல்லை?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"அவருக்கு ஆடத் தெரியாது" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.