புல்னி ஆண்டி

1979 ஜூலை பதினொன்று, காலை பத்தேகால். தோட்டத்து ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழனியாண்டி நின்றான்.

உள்ளே மேசைமேல் ஒரு பிலிம் மெஷின். கைப்பிடியைச் சுற்றினால் பழைய பிறப்புப் பதிவுகள் கண்ணாடியில் பக்கம் பக்கமாக ஒளிர்ந்தன. புத்தகங்கள் எப்போதோ மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. அதற்கு முன்பே யாரோ படம் பிடித்துக் கொழும்பில் வைத்திருந்தார்கள். இன்று ஒருநாள் மட்டும் இங்கே காட்டுகிறார்கள்.

மூன்று மணிக்கு நுவரெலியாவில் பிரஜாவுரிமை விசாரணை. இங்கே பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். இல்லாவிட்டால் மனைவி காளியாயியோடும் மூன்று பிள்ளைகளோடும் இந்தியாவுக்குக் கப்பல்.

"எந்த வருஷம் பொறந்தே?" என்றார் கிளாக்கர் கணேசமூர்த்தி.

"ஸ்டோரு எரிஞ்ச வருஷங்க."

"தேயிலை ஸ்டோரு எத்தன தடவ எரிஞ்சிருக்கு தெரியுமா?"

"வெசாரிச்சிட்டு வரச் சொல்றேங்க."

பக்கத்தில் நின்ற காளியாயி லயத்து வீடுகளுக்கு ஓடினாள். பதினோரு சாட்சிகளோடு திரும்பினாள்.

"முப்பத்தெட்டு," என்றார் நல்லமுத்து.

"முப்பத்தெட்டுல எரிஞ்சது ஒங்க மாமியா வீட்டு அடுப்பு. நாப்பத்தொண்ணு!" என்றாள் நாகலெட்சுமி.

"நாப்பத்தொண்ணுல கூரை பறந்திச்சு. எரியல."

கிளாக்கர் மேசையைத் தட்டினார். "எல்லா வருஷத்தையும் வாசிச்சிர்றேன். பேரு வந்தா கையத் தூக்கு."

அதுதான் தப்பு.

"நாகலெட்சுமி, பெண்."

"ஐயோ, நானு! வெளிச்சத்துல இருக்கேன் பாருங்கடி!"

அவள் போட்ட கூச்சல் மலை வரைக்கும் கேட்டது. கொழுந்துக் கூடைகள் இறங்கி வந்தன. பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் நூறு பேர்.

"மூக்கன், ஆண்."

மூன்று கைகள் உயர்ந்தன.

"ஒரு மூக்கன்தான்யா இருக்கு."

"பங்கு போட்டுக்குறோங்க."

கணக்கப்பிள்ளை பிரம்போடு வந்தார். "மலையில கொழுந்து முத்துது. இங்க என்ன தேரா இழுக்குறீங்க?"

"வியாகுலம், ஆண்," என்று வாசித்தார் கிளாக்கர்.

கணக்கப்பிள்ளை வியாகுலம் தொப்பியைக் கழற்றினார். "இன்னொருக்கா வாசிங்க."

ஒரு மணி. பழனியாண்டி பேர் வரவில்லை. ஒன்றரை பஸ்ஸும் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் கிளாக்கர் சிரித்தார்.

"புல்னி ஆண்டியாம். எவன்டா இது, வெள்ளக்காரன்?"

கூட்டமே சிரித்தது. காளியாயி சிரிக்கவில்லை.

"ஐயா, அதுக்கு அப்பா யாரு?"

"பொன்னையா."

"அம்மா?"

"லெட்சுமி."

"அது எங்க வீட்டு ஆளுங்க!" கணவன் பேரைச் சொல்லாமல் அவன் முதுகைப் பிடித்து முன்னே தள்ளினாள். "அந்தக் காலத்து வெள்ளக்காரத் தொரை வாயில இவரு பேரு புல்னியாயிருச்சு!"

கைதட்டல் தகரக் கூரையை அதிரவைத்தது. கிளாக்கர் நகல் எழுதினார். தோட்டத்துத் துரையின் கையெழுத்து விழுந்தது. முத்திரை விழுந்தது. பின்னால் நூறு பேர் வரிசை கட்டினார்கள். மூன்று மூக்கன்களும் ஒன்றாகவே நின்றார்கள்.

"பஸ் போயிருச்சேங்க!" என்று கத்தினாள் காளியாயி.

மெஷின் கொண்டுவந்த ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் அலோசியஸ் நுவரெலியாவுக்குச் சாப்பாடு வாங்கப் போகிறார். பழனியாண்டி பாய்ந்து ஏறினான். காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு சிரித்தான்.

ரெண்டே முக்காலுக்கு, விசாரணை நடக்கும் அரசாங்கக் கச்சேரியின் வாசல் தெரிந்தது. ஜீப் நிற்குமுன்பே காலை வெளியே நீட்டினான்.

"பாத்து எறங்குங்கண்ணே, காலடியில இருக்க தகரப் பெட்டிய மிதிச்சிராதீங்க," என்றார் அலோசியஸ். "அதுலதான் ஒங்க தோட்டத்து பிலிம் இருக்கு. காலையில அவசரத்துல திம்புள்ளப் பக்கத்து வேற தோட்டத்துப் பெட்டிய எறக்கிட்டேன். ஆமா, அதுல யாரு பேராச்சும் அகப்பட்டுச்சா?"