பெங்குவின் அண்ணனின் உறங்கும் கைப்பேசி

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஆலைச் சுவர்களில் மாட்டும் எச்சரிக்கைப் பலகைகளுக்குத் தமிழில் வாசகம் எழுதுவது என் தொழில். ஒரு சொல் பிசகினால் ஒருவருடைய விரல் போய்விடும் என்பதால், உறுதிப்படாத எதையும் எழுதாத வழக்கம் எனக்கு அமைந்துவிட்டது. பெங்குவின் அண்ணனைப் பற்றி எழுதும்போது இவ்வழக்கம் இன்னும் தேவைப்படுகிறது. அவர் விரலை அசைத்து ஆலையின் மின்சாரத்தையே நிறுத்தினார் என்றும், அயல்நாட்டு ஒற்றர் என்றும் சுங்குவார்சத்திரத்துத் தேநீர்க் கடைகளில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சான்று இல்லை. நான் கண்ணால் கண்டதும், அறைத்தோழர் இருவராவது ஒன்றுபோல் சொன்னதும் மட்டுமே கீழே உள்ளன.

அவ்வாறு உறுதிப்பட்ட முதற்செய்தி இது: திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஷிப்டுக்குப் போய்வரும் அத்தனை பேரிலும் அவரைப்போல் அஞ்சி வாழ்ந்தவர் வேறொருவர் இல்லை. மேலாளருக்கு அவர் அஞ்சவில்லை. பாம்புக்கும் அஞ்சவில்லை, குளியலறையில் வந்ததை அவர்தான் துடைப்பத்தால் வெளியேற்றினார். அவர் அஞ்சியதெல்லாம் தம் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி உறங்கிவிடுமோ என்றுதான்.

அது நாம் வைத்திருப்பவற்றைப் போன்றதன்று. கணினிகளில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அப்படியே ஒரு கைப்பேசிக்குள் இறக்கியிருந்தார்கள். வேலையை விட்டுப் போன பொறியாளர் ஒருவரிடமிருந்து அண்ணன் அதை வாங்கினார். அதன் முதுகில் லினக்ஸின் சின்னமாகிய பெங்குவினைத் தம் கையாலேயே வரைந்து ஒட்டியிருந்தார். படம் பெங்குவினைப் போலவும் இருந்தது, கூஜாவைப் போலவும் இருந்தது. பெயர் மட்டும் பெங்குவின் என்றே நிலைத்துவிட்டது.

நாங்கள் ஐவர் சுங்குவார்சத்திரத்தில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் தங்கியிருந்தோம். அண்ணன் வந்த முதல் வாரமே அவரிடம் கேட்டேன்.

"ஊரே வேற போன் வச்சிருக்கு. உங்களுக்கு மட்டும் எதுக்குண்ணே இந்தப் பாடு?"

"லைன்ல நிக்கசொல்ல தலைக்கு மேல எத்தினி கேமரா கீதுன்னு எண்ணிப் பாத்துக்கீறியா சார்? பாத்ரூம் போனா கூட எவ்ளோ நேரம்னு கணக்கு. பாக்கெட்ல கீறதாவது நம்மள வேவு பாக்காம இருக்கட்டுமே."

"நல்லதுதான். ஆனா போன் அடிக்க மாட்டேங்குதே."

"அது வேற டிபார்ட்மெண்ட் சார்."

அந்தக் கைப்பேசி மின்கலத்தைச் சேமிக்கும்பொருட்டு அடிக்கடி உறங்கப் போகும். உறங்கியபின் அழைப்பு வந்தால் விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம். அலாரமும் அப்படியே. இதனால் இருமுறை நிறுவனப் பேருந்தைத் தவறவிட்ட அண்ணன், சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றை வாங்கினார். அது நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அடிக்கும். அவர் எழுந்து கைப்பேசியைத் தட்டி எழுப்பிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வார். நாலரைக்குக் கைப்பேசி அடிக்கும். அதன்பின்பே முறையாக எழுவார். கடிகாரம் அடித்ததுமே எழுந்துவிடலாமே என்றதற்கு, "அப்புறம் போனுக்கு மனசு கஷ்டமாப் பூடும்," என்று விளக்கம் சொன்னார்.

அழைப்பு வந்து அவர் எடுத்துவிட்டாலும் தொல்லை தீராது. எதிர்முனையின் குரல் இவருக்குக் கேட்கும். இவர் குரல் அங்கே போகாது. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினால்தான் போகும். சேரப்பணஞ்சேரியில் இருந்த அவருடைய தாயார் இதற்குப் பழகிவிட்டார். மகன் எடுத்தவுடன் தாமே எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "கேட்டுக்கினு இருப்பேன்னு தெரியும். சாப்டு. வைக்கிறேன்," என்று வைத்துவிடுவார். அதற்குள் வரியைத் தட்டி முடித்திருக்கும் அண்ணன், அறுந்த இணைப்பை நோக்கி, "சாப்ட்டேம்மா," என்பார்.

மென்பொருளைப் புதுப்பிக்கும் நாள்களில் வீடே அடங்கியிருக்கும். அவர் குளித்து, நெற்றியில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, எங்களை நடமாட வேண்டாம் என்பார். நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் படபடன்னு வருது," என்றார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அச்சம் ஆலையின் நுழைவாயிலில் இருந்தது. படம் பிடிக்கும் கைப்பேசி எதுவும் அப்படியே உள்ளே போகக் கூடாது. காவலர்கள் கேமராவின் கண்ணாடியின்மேல் ஸ்டிக்கர் வில்லை ஒட்டி அனுப்புவார்கள். அண்ணன் வில்லையை ஏற்கவில்லை. அவருடைய கைப்பேசியின் முதுகு மூடியைக் கழற்றினால் உள்ளே எள்ளளவு பொத்தான்கள் ஆறு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் மின்னோட்டத்தையே துண்டித்துவிடும். முன் கேமரா, பின் கேமரா, ஒலிவாங்கி ஆகிய மூன்றையும் நகத்தால் கீழே தள்ளிக் காட்டுவார். எங்கள் கீழ்வீட்டிலேயே குடியிருந்த காவலர் ஏகாம்பரம், முதல் நாள் அதைப் பார்த்து நான்கடி பின்வாங்கினார்.

"இன்னா நைனா இது, தொறந்தா உள்ள இன்னான்னாவோ கீது. வெடிக்காதுல்ல?"

"வெடிக்காதுண்ணே. வேலை செஞ்சாலே அதிசயம்."

அன்றிலிருந்து ஏகாம்பரம் நாள்தோறும் கைவிளக்கடித்து, மூன்றும் கீழே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தே அனுப்பினார். பின்னால் வரிசை நீளும். வசவு பொழியும். அண்ணனின் கை நடுங்கும். பணி முடிந்து திரும்பும் பேருந்தில், அரைத்தூக்கத்தில், விரலால் தடவியே மூன்றையும் மேலே ஏற்றிக்கொள்வார்.

இனி என்னுடைய அச்சத்துக்கு வருகிறேன்.

என் மனைவி தலைப்பிரசவத்துக்காகத் திருநெல்வேலியில் தாய்வீட்டில் இருந்தாள். நாள் குறித்ததற்கு இரண்டு வாரம் முன்பே இரத்த அழுத்தம் கூடி, மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாக ஒரு மாலையில் மாமனார் அழைத்துச் சொன்னார். "காலைல டாக்டரம்மா பாத்துட்டுச் சொல்லுதேன்னிருக்காவ. போனைக் கையிலேயே வச்சிருங்க மாப்ள," என்றார். மறுநாள் பிற்பகல் பேருந்துக்குச் சீட்டெடுத்தேன். புறப்படும் அன்று காலையில், முகம் மழிக்கும்போது, கையிலேயே வைத்திருந்த கைப்பேசியை நீர் நிறைந்த வாளிக்குள் தவறவிட்டேன்.

அது அணைந்தது. எண்கள் அனைத்தும் அதற்குள். செய்யுள்கள் பல மனப்பாடமாக உள்ள எனக்கு, மனைவியின் எண்ணில் முதல் நான்கு இலக்கம் மட்டுமே நினைவில் இருந்தது. அவர்கள் அழைத்தால்தான் உண்டு.

இரவுப்பணி முடித்து வந்த பெங்குவின் அண்ணன் நடந்ததைக் கேட்டார். உடனே தம் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு, என்னுடையதைத் தம் கைப்பேசியில் செருகினார். என் சிம் சிறியது. அவருடைய துளை பெரியது. ஒரு நெகிழிச் சட்டத்தில் பொருத்தித் தள்ள வேண்டும். தள்ளினார். போயிற்று. திரையில் எழுந்த வாசகம்: சிம் இல்லை.

"எடுத்துடலாம்ணே. வேற யார்கிட்டயாவது கேக்குறேன்."

"இரு சார், இரு." இழுத்தார். சட்டம் உள்ளே சிக்கிக்கொண்டது. "சார், வரமாட்டேங்குது."

மணி ஒன்பது. கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினார். கறுப்புத் திரையில் வரி வரியாகத் தட்டினார். ஒவ்வொரு வரிக்கும் அது ஏதோ பதில் சொன்னது. "டவரோட பேசற மோடத்தைக் கூப்புடறேன். ஆளே இல்லைன்னு சொல்லுது," என்றார். மணி பத்து. மின்கலத்தைக் கழற்றி, ஊதி, மாட்டினார். ஜன்னலோரம் பிடித்தார். மொட்டைமாடிக்கு ஓடினார், நான் பின்னாலே ஓடினேன். அந்நேரம் திருநெல்வேலியில் என்ன நடக்கிறதென்று எண்ணி எண்ணி, நினைவிலிருந்த நான்கு இலக்கத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"திட்டிடு சார். சும்மா நிக்காத. பயமா கீது."

திட்டாமல், மாடியின் மறுமூலைக்கு அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மணி பதினொன்று ஆனபோது, இரவுக்காவல் முடிந்து உறங்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம் எங்கள் காலடி ஓசையில் விழித்து மேலே வந்தார்.

"இன்னாய்யா, மாடில குதிரை ஓட்டுறீங்களா? மனுசன் தூங்க வேணாம்?"

நான் சொன்னேன். அவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"மூடியைத் தொற. நேத்து கேட்ல மூணு தள்ளுறதுக்குப் பதிலா நாலு தள்ளிக்கினியே. அதை ஏத்துனியா?"

அண்ணன் அவரையே பார்த்தார். "நாலா?"

"நாலுதான். டெய்லி எண்ணுறவனுக்குத் தெரியாதா? பின்னாடி ஒருத்தன் கத்துனான், உன் கை வெடவெடன்னு ஆடிச்சு, இன்னொண்ணையும் சேத்துத் தள்ளிட்ட. மூணுக்குக் கொறைஞ்சாத்தான் நான் கேக்கணும். ஜாஸ்தி ஆனா கம்பெனிக்கு நல்லதுதானேன்னு உட்டுட்டேன்."

மூடி திறந்தது. ஐந்து பொத்தான்கள் மேலே இருந்தன. கோடியில் இருந்த ஒன்று, மோடத்தினுடையது, கீழே கிடந்தது. நகத்தால் ஏற்றிவிட்டு அண்ணன் கைப்பேசியை மீண்டும் இயக்கினார். அது உயிர்பெற எடுத்துக்கொண்ட இரண்டு நிமிடத்தில் மூவரும் மூச்சுவிட்டோமா என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. பின்பு தவறிய அழைப்புகளின் குறுஞ்செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றிலிருந்த எண்ணை நான் அழுத்துமுன் மணியே அடித்துவிட்டது.

"மாப்ள! எங்கய்யா போயிட்டிய? குழந்தைக்குத் துடிப்பு கொறையுதாம். ஆபரேசன் பண்ணணும்ங்காவ. உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படிக் கையெழுத்துப் போடன்னு பேனாவ வச்சிக்கிட்டு நிக்கேன்."

"போடுங்க மாமா, உடனே போடுங்க."

"மாப்ள? சத்தமே கேக்கலியே. மாப்ள, இருக்கியளா?"

நான் கத்தினேன். திருநெல்வேலிக்கு நேரடியாகவே கேட்டிருக்க வேண்டும். கைப்பேசி வழியாக மட்டும் போகவில்லை. அண்ணன் அதை என் கையிலிருந்து பிடுங்கிக் கறுப்புத் திரையைத் திறந்தார். அவசர அவசரமாகத் தட்டினார். முதல் வரி பிழை. இரண்டாவதும் பிழை. "வைக்கட்டுமா மாப்ள?" என்றார் மாமனார். அப்போது ஏகாம்பரம், நுழைவாயிலில் நாள்தோறும் அவரை விரட்டுகிற அதே மனிதர், அண்ணனின் முதுகில் கைவைத்து, "மெதுவா அடி நைனா. பின்னாடி லைன் இல்ல," என்றார்.

மூன்றாவது வரி சரியாக அமைந்தது.

"போடுங்க மாமா," என்றேன்.

"போட்டாச்சு," என்றார் அவர்.

அதன்பின் முக்கால் மணி நேரம் அண்ணன் அந்தக் கைப்பேசியை உறங்கவிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, சில நொடிகளுக்கொருமுறை விரலால் தொட்டு விழித்திருக்கச் செய்தார். இரவெல்லாம் வேலை பார்த்த அவருடைய கண்கள் தாமாக மூடின. விரல் மட்டும் நிற்கவில்லை. பன்னிரண்டுக்கு மணி அடித்தது. வரியை முன்னரே தட்டி வைத்திருந்தார். முதலில் கேட்டது மாமனாரின் குரலன்று. என் மகளின் அழுகை. தாயும் நலம் என்று மாமனார் பின்பு சொன்னார்.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "இன்னா சொன்னாலும் வேலை செஞ்சுது பாத்தியா சார்," என்றார்.

"வேலை செஞ்சது போன் இல்ல, என் கண்ணு," என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் தூங்கப் போனார்.

சிக்கிய சட்டத்தைக் குண்டூசியால் நெம்பி எடுக்க மாலையாகிவிடும் என்றார் அண்ணன். அவ்வளவு நேரம் நான் காத்திருக்க இயலாது. ஆகவே கைப்பேசியையே என்னிடம் கொடுத்து அனுப்பினார். பேருந்தில் திருநெல்வேலி வரையில், அதைத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டே போனேன்.

அடுத்த ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அண்ணன், நான் திருப்பிக் கொடுத்திருந்த அதே கைப்பேசியோடு, ஒரகடத்தை விட்டுப் போனார். இனி எனக்குத் தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. இப்போது எந்த ஆலையில் இருக்கிறார் என்பதும் தெரியாது. என் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவருடைய எண்ணை அழைக்கிறேன். அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். மணி போகிறது, பிறகு அடங்கிவிடுகிறது, குரல் எதுவும் வருவதில்லை. கைப்பேசி உறங்குகிறதா, அல்லது எடுத்துவிட்டு வரியைத் தட்டிக்கொண்டிருக்கிறாரா என்பதை உறுதிசெய்ய வழியில்லை. ஆகவே மணி அடங்கியபின், அறுந்த இணைப்பை நோக்கி, "பாப்பா நல்லா இருக்காண்ணே. சாப்டுங்க. வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.