பிரஷாந்தியின் வருகைப் பதிவு

“வாழ்த்துகள் டாக்டர்! இந்த வருஷத்தோட சிறந்த பார்வையாளர் உங்க மனைவிதான்.”

சதீசன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். பல்கலைக்கழக எண்தான்.

“யாரு?”

“புவான் பிரஷாந்தி. உங்க மனைவிதானே?”

“ஆமா.”

“கணிதத்துறை கருத்தரங்குக்கு வெளியாள் ஒருத்தர் இவ்வளவு தடவை வந்ததே இல்லையாம். புதன்கிழமை துணை டீனே வந்து சிஜில் கொடுக்கிறார், பெயர் போட்ட சான்றிதழ். பரிசுக்கூடை, ஹேம்பர்கூட இருக்கு.”

பேசியவன் ஹைக்கல். டீன் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி. மலாயில் மூச்சுவிடாமல் பேசுவான்; மணமான பெண்கள் எல்லாரும் அவனுக்குப் ‘புவான்’. புதியவன் என்பதால் அவனுக்கு ஒன்று தெரியாது. பிரஷாந்தி இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

தவறு சதீசனுடையது. புதன்கிழமை மூன்று மணிக் கருத்தரங்குக்கு அவன்தான் பொறுப்பு. வருகைத் தாளில் பத்துக் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த வாரம் கணக்கில் வராது. மூன்று வாரம் அப்படிப் போனால் கருத்தரங்கையே மூடிவிடுவார்கள். அவன் ஒப்பந்த விரிவுரையாளன். கருத்தரங்கும் போய்விட்டால் டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேறு காரணம் கிடையாது. பினாங்கில் எண் கோட்பாடு கேட்க வாரந்தோறும் பத்துப் பேர் கிடைப்பது எளிதல்ல.

பிரஷாந்திக்குத் தொழிற்சாலையில் புதன்கிழமை ஓய்வு நாள். வீட்டில் இருந்தது ஒரே காடி; அந்தக் காரில் வெளிவேலைக்கு அவளும் அவனோடு கிளம்பிவிடுவாள். ஆகவே கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தேநீரோடு வைக்கும் கறிபாப் பலகாரம் இரண்டு சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு அவனோடு வீட்டுக்குப் போவாள். ஒரு வரிகூடப் புரியாது. ஆனாலும் வழியில் தீர்ப்புச் சொல்வாள்.

“இன்னைக்கு வந்தவரு போர்டை மூலை வரைக்கும் தொடச்சாரு. அவர் சொன்னது சரியாத்தான் இருக்கும்.”

ஜனவரியில் ஒரு புதன்கிழமை ஒன்பது பேர்தான் வந்தார்கள். சதீசன் தாளில் முதலில் தன் பெயரை எழுதினான். அதன் கீழே அவள் பெயரை எழுதினான். தாள் பின்னால் போய், எல்லாரையும் சுற்றி, கடைசியில் எழுத்தர் நோர்மாவிடம் சேர்ந்தது. அங்கிருந்து டீன் அலுவலகத்துக்குப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒன்பது பேர் வந்த வாரமெல்லாம் அப்படியே செய்தான். மொத்தம் ஏழு தடவை.

“டாக்டர்? லைன்ல இருக்கீங்களா?”

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். ஆனால் அதை அவன் இதுவரை சொன்னதே இல்லை. மருத்துவர் அவனிடம் சொன்னார். மாமனார் உறவினர்களுக்குச் சொன்னார். துறைத்தலைவர் துறையில் சொன்னார். அவன் முறை வரவே இல்லை.

“அவ ஊர்ல இல்ல,” என்றான்.

“பரவாயில்ல! ஆன்லைன்ல வரட்டும். லிங்க் அனுப்புறேன்.”

“அவ இருக்கிற இடத்துல லைன் கிடைக்காது.”

“மலைக்குப் பின்னாடி பாலிக் புலாவ் பக்கமா?”

“அதைவிட உள்ளே.”

“சரி லா. ஒரு படம் மட்டும் அனுப்புங்க.”

“அவளுக்குப் படம் எடுத்தா பிடிக்காது.”

“அப்ப நானே பார்த்துக்கிறேன். நீங்க கவலைப்படாதீங்க டாக்டர்.”

அப்போதிலிருந்துதான் சதீசன் கவலைப்பட ஆரம்பித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கணிதத்துறை இருக்கும் மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே பிரஷாந்தி நின்றாள்.

கதவு மூடிக்கொண்டது. சதீசன் உள்ளேயே நின்றான். லிஃப்ட் அவனைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது. அவள் அங்கேயே இருந்தாள்.

ஆறடிப் பதாகை. ஒவ்வொரு கருத்தரங்கு முடிவிலும் எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுப்பது துறையின் வழக்கம். பெயர்கள் குறித்த பழைய படம் ஒன்றிலிருந்து ஹைக்கல் அவளை வெட்டி எடுத்திருந்தான். உயிரோடு இருந்தபோது அவள் ஐந்தடி. கையில் கறிபாப். வாய் பாதி திறந்திருந்தது. தலைக்கு மேல் ‘ஆண்டின் சிறந்த பார்வையாளர்’ என்று எழுதியிருந்தது.

சக விரிவுரையாளர் டாக்டர் ஷஃபீக் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். பதாகையைப் பார்த்தார். சதீசனைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

“எனக்கு கிளாஸ் இருக்கு,” என்று படியில் ஓடினார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வகுப்பே கிடையாது.

தெரிந்துவிட்டது, என்று நினைத்தான் சதீசன். கையெழுத்து விஷயம் இவருக்குத் தெரிந்துவிட்டது.

பதாகையை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பாதி வழியில் துறைத்தலைவர் பேராசிரியர் அம்பிகைபாகன் ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கருத்தரங்கில் தூங்குவார், ஆனால் வெளியே யாரிடமும் மூன்று கேள்வியாவது கேட்காமல் விடமாட்டார்.

“கால் இடிக்கப் போகுது. பார்த்து இறக்கும்,” என்றார்.

அவளுடைய காலைத்தான் சொன்னார். பிறகு கூரையைப் பார்த்தபடி மேலே போய்விட்டார். கேள்வியே இல்லை.

இவருக்கும் தெரியும்.

அலுவலகத்தில் நோர்மா எதுவும் கேட்காமல் பொருள் அறைக் கதவைத் திறந்துவிட்டார். தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். சதீசனிடம் தமிழில்தான் பேசுவார்.

“அந்த மூலையில வைங்க டாக்டர். அங்கதான் மழைத் தண்ணி வராது.” சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் ஹைக்கலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அறிவியல் பிரிவு முழுமைக்கும் அனுப்பியிருந்தான். ‘புவான் பிரஷாந்தியைக் காணவில்லை. கண்டவர்கள் உடனே டீன் அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.’ கீழே அவள் படம், கறிபாப்போடு.

புதன்கிழமை அறுபது பேர் வந்தார்கள்.

இயற்பியல், வேதியியல், உணவகத்தில் தேநீர் கலக்குபவர்கூட வந்திருந்தார். கறிபாப் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. பேச வந்திருந்த முதியவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “என் வாழ்க்கையில இவ்வளவு பேருக்கு நான் பேசினதில்ல,” என்று கண் கலங்கினார். பேசி முடித்து, போர்டை மூலை வரை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கடைசி வரிசையில் ஜன்னலோரம் பதாகை நின்றது. நோர்மா கொண்டுவந்து வைத்திருந்தார்.

“புவான் பிரஷாந்தி சார்பா அவங்க கணவர் வாங்கிக்குவார்!” என்று ஹைக்கல் மைக்கில் அறிவித்தான்.

வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். அவ்வளவுதான் வேலை. சதீசன் மேடைக்குப் போனான். துணை டீன் சிஜிலை அவன் கையில் வைத்துச் சிரித்தார்.

“அடுத்த வருஷமும் தவறாம வரச் சொல்லுங்க.”

“வரமாட்டா,” என்றான் சதீசன். மைக் அருகில் இருந்தது. “இறந்துட்டா. போன டிசம்பர்ல.”

யாரோ ஒருவரின் பேனா கீழே விழுந்து உருண்டது. பக்கத்திலிருந்தவர் அதைக் காலால் நிறுத்தினார்.

“கையெழுத்து நான் போட்டது. பத்துப் பேர் வேணும்னு. ஏழு தடவை. என்ன நடவடிக்கையோ எடுத்துக்குங்க.”

துணை டீனின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. ஹைக்கல் சிஜிலை எட்டிப் பார்த்தான்.

“ஏழா? நூறு விழுக்காடு வருகைன்னு போட்டிருக்கேனே டாக்டர். இருபத்து மூணு வாரமும் வந்திருக்காங்க.”

சதீசன் அவன் கையிலிருந்த வருகைத் தாள் கோப்பைப் பிடுங்கிப் புரட்டினான். ஒவ்வொரு தாளிலும் அவள் பெயர். பாதிக்கு மேல் சதீசனின் கையெழுத்தே இல்லை.

முன்வரிசையில் அம்பிகைபாகன் கேள்வி கேட்பவரைப்போல் கையைத் தூக்கினார்.

“அதில நாலு நான் போட்டது.”

துணை டீன் திரும்பினார். “பேராசிரியர், நீங்களா?”

“ஜனவரியில தாளில அந்தப் பேரைப் பார்த்தன். அடுத்த கிழமை தாளில அது இல்லை. ஒரு மாதிரி இருந்தது.”

“எனக்கு அஞ்சு,” என்றார் ஷஃபீக், தன் கால் சப்பாத்திடம் சொல்வதுபோல.

“ஆறு,” என்றார் நோர்மா பின்னாலிருந்து. “தாள் கடைசியா என்கிட்டதானே வருது.”

கணிதத்துறை அல்லவா. அறை முழுக்க உதடுகள் அசைந்தன. முதியவர் எழுந்து போய், சுத்தமாக இருந்த போர்டில் ஏழு, நான்கு, ஐந்து, ஆறு என்று எழுதிக் கூட்டினார்.

“இருபத்திரண்டு,” என்றார். “ஒன்னு குறையுது.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு கை எழவில்லை. அம்பிகைபாகன் தலையை ஆட்டினார். ஷஃபீக்கும் ஆட்டினார். நோர்மா வாயைப் பொத்திக்கொண்டார். சதீசன் மெல்லத் திரும்பி ஜன்னலோரம் பார்த்தான். அவள் கறிபாப்போடு நின்றிருந்தாள்.

ஹைக்கல் தொண்டையைச் செருமினான்.

“ஒரே ஒரு வாரம்தான் விட்டிருந்தாங்க டாக்டர். பாவமா இருந்துச்சு, நானே போட்டுட்டேன்.”