சிவப்பியும் றேசிங் சைக்கிளும்

இனிமேல் நடப்பதில்லை என்று கனகலிங்கத்தார் முடிவெடுத்தார். செத்தாலும் நாலுபேர் தூக்கித்தான் போகவேண்டும், நடக்கமாட்டார்.

குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து, சாவகச்சேரியை விட்டு வன்னிக்கு வந்து ஒன்பது வருசம். ஒன்பது வருசமும் நடை. கிளிநொச்சிச் சந்தைக்கு ஐந்து மைல்கட்டை, திரும்பி ஐந்து கட்டை. குதிக்கால் இரண்டும் கோடை வயல் மாதிரி வெடித்துவிட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தமையன் செல்வநாயகத்தின் வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. இவர் வன்னிக்கு வெளிக்கிட்ட அன்று வேலிப்படலையில் நின்று, "போ, காட்டிலை கரடியோடை சம்பந்தம் செய்துகொண்டு கிட" என்று சொல்லிச் சிரித்த வாய். அந்தத் தமையனின் மகளுக்கு வைகாசியில் கலியாணம். முப்பது கட்டை. ஆனையிறவு தாண்டிச் சைக்கிளில் போய், தமையன் வாசலில் மணியடித்து இறங்கவேண்டும். பந்தலுக்குள் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்க்கவேண்டும். இந்தப் பிறவியில் கனகலிங்கத்தாருக்கு வேறொன்றும் வேண்டாம்.

புதுச் சைக்கிளுக்கு எங்கே போவார்? மாற்றலாகிப் போகிற கிளாக்கர் ஒருவர் தன்னுடைய றேசிங் சைக்கிளை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். கிடாய்க்கொம்பு மாதிரி வளைந்த காண்டில். விரல் தடிப்பில் ரயர். பின்னால் கரியர் கிடையாது. நெல்மூட்டை ஏற்ற முடியாத சைக்கிள் குடியேற்றத்தில் யாருக்கு வேண்டும்? அதனால் விலை மலிவு. அந்த மலிவுக்கும் அவர் கையில் காசில்லை. மாட்டுக்கொட்டிலில் சிவப்பி நின்றாள்.

சிவப்பி அவருடைய மாடல்ல. மனைவி அன்னபாக்கியத்துக்குத் தாய் சீதனமாகக் கொடுத்த பசு ஈன்ற கன்று. அன்னபாக்கியம் தங்கச்சியின் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்த இரண்டு கிழமைக்குள், சினைமாட்டைப் பக்கத்துக் காணி அப்புத்துரைக்கு விற்றுவிட்டார். ஒருநாள் அழுவாள், மறுநாள் சமைப்பாள் என்பது அவருடைய கணிப்பு.

அன்னபாக்கியம் அழவில்லை. வந்தவள் கொட்டிலைப் பார்த்தாள். அங்கே சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தாள்.

"சிவப்பி எங்கை?"

"வித்துப்போட்டன்."

"ஆரைக் கேட்டு?"

"இஞ்சாரப்பா, மாடு போனால் என்ன, சைக்கிள் வந்திட்டுதுதானே?"

"பால் கறக்குமோ?"

அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அடுத்தநாள் தொடக்கம் வீட்டில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணி. சாயமும் பனங்கட்டியும். ஒவ்வொரு மிடறும் தொண்டையில் கசந்தது.

அடுத்த கரைச்சல் வேலிக்கு வெளியே இருந்து வந்தது. குடியேற்றத்தில் மண்வெட்டி, கிடாரம், எருது எல்லாமே இரவல்தான். சைக்கிளை மட்டும் விடுவார்களா? முதல் ஆளாக அப்புத்துரை வந்து நின்றார்.

"தம்பி, உந்தச் சைக்கிளை ஒருக்காத் தாவன். பரந்தன்மட்டும் போயிட்டு வாறன்."

கனகலிங்கத்தாருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"ஐயோ அண்ணை, என்ரையெண்டால் இப்பவே தந்திடுவன். இது மனிசியின்ரை. சீதன மாடு வித்து வாங்கினதெல்லோ? அவாவைத்தான் கேக்கவேணும்."

அகப்பையோடு குசினி வாசலில் நின்ற அன்னபாக்கியத்தின் முகத்தைப் பார்த்த அப்புத்துரை, கேட்காமலே போய்விட்டார். அந்த முகத்திடம் போய் யார் கேட்பது? நல்ல வேலி கிடைத்துவிட்டது என்று கனகலிங்கத்தாருக்குக் குளிர்ந்துபோனது. தேத்தண்ணிக்கடை, கோயில், வாய்க்கால்கரை, போன இடமெல்லாம் அதே பாட்டு. "மனிசியின்ரை, அவாவைத்தான் கேக்கவேணும்." தமையனுக்கும் ஒரு தபாலட்டை போட்டார்: கலியாணத்துக்குச் சைக்கிளில் வருகிறேன்.

இதற்கிடையில் சிவப்பி கன்று போட்டாள். போட்டதோடு அப்புத்துரை வீட்டைச் சனியனும் பிடித்தது. யார் மடியில் கைவைத்தாலும் உதை. செம்பு பறந்தது. அப்புத்துரையின் முழங்கால் வீங்கியது.

"பிள்ளை அன்னபாக்கியம், ஒருக்கா வந்து கறந்து தா மோனை. உன்னைத் தவிர ஒருத்தரையும் கிட்ட விடுகிதில்லை."

அவள் தினமும் போய்க் கறந்தாள். அப்புத்துரை கொடுத்த பாலை வாங்கவில்லை. "வித்த மாட்டின்ரை பால் எனக்கு வேண்டாம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். அதைக் கேட்டபோது கனகலிங்கத்தாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. ஆனால் அப்போது அவர் ரயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

அப்புத்துரையின் மகளுக்கும் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வாத்தியார். சீதனத்தோடு ஒரு சைக்கிளும் வேண்டுமாம். அதுவும் மூட்டை ஏற்றுகிற சைக்கிள் வேண்டாமாம், றேசிங்தான் வேண்டுமாம்.

"பாவம் மனுசன், றேசிங்குக்கு எங்கை போவார்?" என்று கனகலிங்கத்தார் சிரித்தார். அன்னபாக்கியமும் கொஞ்சம் சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டு, கோபம் ஆறிவிட்டது என்று நம்பினார்.

தமையன் மகளின் கலியாணத்துக்கு முதல்நாள் தேங்காயெண்ணெய் பூசிச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா மினுக்குங்கோ" என்றாள். "கலியாண வீட்டுக்குப் போறது."

"நீ வரேல்லையோ?"

"எனக்கு இஞ்சை அலுவல் கிடக்கு."

விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, பட்டுச்சால்வையை மிடுக்காகக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். சைக்கிள் நின்ற இடத்தில் சிவப்பி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கன்று.

"அன்னம்! சைக்கிள் எங்கை?"

"அப்புத்துரை அண்ணைக்குக் குடுத்திட்டன். சிவப்பியையும் கண்டுக்குட்டியையும் அவிட்டுத் தந்தார்."

"என்னைக் கேக்காமலோ?"

"சிவப்பியை என்னைக் கேட்டோ வித்தனீங்கள்?"

அவர் சால்வை அவிழ வேலியடிக்கு ஓடினார். "அண்ணை, இது நியாயமோ?"

அப்புத்துரை உண்மையிலேயே திகைத்துப்போனார். "என்ன தம்பி கதைக்கிறாய்? பிள்ளை அன்னபாக்கியத்தின்ரை சைக்கிள், பிள்ளையைத்தான் கேக்கவேணுமெண்டு ஊரெல்லாம் நீதானே சொன்னனி? நான் பிள்ளையைத்தானே கேட்டன்!"

கனகலிங்கத்தார் திரும்பி வந்து உரலில் குந்தினார். ஒன்பது வருசம் நினைத்து நினைத்து வைத்திருந்த தமையன் வாசல் கண்ணுக்குள் வந்து போனது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அண்ணருக்குத் தபால் போட்டிட்டனே, சைக்கிளிலை வாறனெண்டு..."

அன்னபாக்கியம் நுரை தளும்ப ஒரு மூக்குப்பேணியை நீட்டினாள்.

"இந்தாருங்கோ, பால் தேத்தண்ணி. குடிச்சிட்டு பஸ்ஸிலை போங்கோ. சைக்கிள் எங்கையெண்டு அண்ணர் கேட்டால், அது மனிசியின்ரை, அவாவைத்தான் கேக்கவேணுமெண்டு சொல்லுங்கோ. உங்களுக்குச் சொல்லிப் பழக்கம்தானே."