பாட்டு கடித்த கதை

இரண்டு வேலை அரைகுறையாகத் தெரிந்தவன், ஒரு வேலையும் தெரியாதவனைவிட ஆபத்தானவன். இளவயதில் எனக்குப் படம் வரையத் தெரியும். இயந்திரமும் தெரியும் என்று நினைப்பு. (ஒரு கடிகாரத்தைப் பிரித்திருக்கிறேன். மறுபடி பூட்டியது வேறொருவர்.) பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய வாத்தியாராக இருந்தேன்.

என் தாய்மாமா உடன்குடிக் கருப்பட்டியைக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி. அவர் மகள் அன்னம்மாளைக் கட்டிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. அவளுக்கும் சம்மதம். மாமாதான் மசியவில்லை.

"பூவும் காயும் எழுதிக்கிட்டுக் கெடக்கவனுக்குப் பொண்ணைக் கொடுத்தா, நாளைக்குப் பிள்ளைக அதையா லே திங்கும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். பாலம் கட்டும் ஓவர்சியர் மாப்பிள்ளை ஒருவரைப் பேசி, பெண் பார்க்க வரச் சொல்லியும் விட்டார்.

வருகிறவர்களை அசத்துவதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு கிராமபோன் பெட்டி தருவித்தார். தூத்துக்குடியிலிருந்து வரும் வழியில் மாட்டு வண்டியில் மூட்டை சரிந்து, அதன் பித்தளைக் குழல் நசுங்கி அப்பளமாகிவிட்டது. குழல் இல்லாத பாட்டு, கொசு அழுவது மாதிரி கேட்டது.

"குழலை நான் செஞ்சு தாரேன் மாமா" என்று முந்திக்கொண்டேன். ஓவர்சியருக்கு நான் ஒன்றும் இளைத்தவனில்லை என்று காட்ட வேண்டாமா?

ஆற்றுக் களிமண்ணில் ஊமத்தம்பூ வடிவத்துக்கு அச்சுப் பிடித்தேன். அதன்மேல் பழைய பத்திரிகைத் தாளைக் கஞ்சிப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டினேன். காய்ந்து, அச்சை உருவிய பிறகும் தொளதொளவென்றுதான் இருந்தது. அப்போதுதான் என் பொறியியல் மூளை விழித்தது. கட்டடத்துக்குச் சுண்ணாம்புக் காரை அரைக்கும்போது கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பார்கள், சுவர் கல்லாக இறுகிவிடும். சுண்ணாம்பு என் வண்ணங்களைக் கெடுக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, கருப்பட்டியை மட்டும் பாகு காய்ச்சிப் பூசினேன். குழல் நிஜமாகவே இறுகியது. உள்ளும் புறமும் தாமரை இதழ்கள் எழுதினேன்.

பெட்டியில் மாட்டிப் பார்த்தால் பாட்டு கணீரென்று கேட்டது.

"பரவாயில்லயே லே!" என்றார் மாமா. அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. கண் கலங்கிவிட்டது.

அன்னம்மாள்தான் மோந்து பார்த்தாள். "அத்தான், பாகு வாசம் அடிக்குதே?"

"கலைன்னா வாசம் இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

மாமா குழலைப் பத்திரமாகச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில், கருப்பட்டி மூட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்.

பெண் பார்க்க வந்த ஓவர்சியரின் தகப்பனாருக்குக் காது மந்தம். பாட்டு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, குழலின் வாய்க்குள் காதை நீட்டி உட்கார்ந்தார். நான் சாவி கொடுத்து முள்ளை வைத்தேன். பாட்டு அதிர்ந்ததும், கிட்டங்கியில் குழலுக்குள் குடியேறியிருந்த சிவப்பெறும்புக் கூட்டம் மொத்தமும் வெளியே கிளம்பியது.

"எய்யா! பாட்டு கடிக்குது வே!"

தலைப்பாகை ஒரு பக்கம், கோட்டு ஒரு பக்கம் பறந்தன. உதவி செய்கிறேன் என்று கையில் கிடைத்த துணியால் அவர் காதைத் துடைத்தேன். அது நான் தூரிகை துடைக்கும் துணி. காது பச்சையாகிவிட்டது.

"எறும்புப் புத்துல போயா பொண்ணு எடுக்கது?" என்று கத்திக்கொண்டே படியிறங்கினார். மகனும் பின்னாலேயே போனார்.

ஆற்றில் விழுந்துவிடலாமா என்று எனக்கு இருந்தது. (கோடைக்காலம். முழங்கால் தண்ணீர்தான்.) மாமா எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு நடந்தது ஊரு பூரா தெரிஞ்சிரும். இனி எவன் வருவான் இங்கன? கெடுத்தவன் நீதான லே? நீயே அவளைக் கெட்டிக்கிட்டுப் போ!"

தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார், பாவம். கதவுக்குப் பின்னால் அன்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பேரன் பேத்தி எடுத்த பிறகும், எங்கள் வீட்டு அடுக்களையில் எறும்பு வந்தால் அவள் யாரையும் நசுக்க விடுவதில்லை. பைய ஊதித்தான் விடுவாள்.

"நம்ம கல்யாணத்தைப் பேசி முடிச்சவுக, அத்தான்" என்பாள்.